மழைக்கோட்டை வாசலில் கழற்றுங்கள்!

ஐப்பசி மாதம். காலை ஏழு மணி. சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை.

இரவெல்லாம் மழை. இன்னும் தூறல் விடவில்லை. கரிசல் மண் காலில் அப்பிக்கொள்கிறது.

ஓர் இளைஞர் மொபெட்டில் வந்து இறங்குகிறார். உடம்பிலே கறுப்பு ரப்பர் கோட்டு. கழுத்து முதல் முழங்கால் வரை மூடியிருக்கிறது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அப்படியே உள்ளே நடக்கிறார்.

"தம்பி, நில்லு!" என்கிறார் வாசல் காவலாளி. "கோட்டைக் கழற்றி அந்தக் கொடியிலே போட்டுட்டுப் போ."

"மழை பெய்யுதே, அண்ணாச்சி! ஷெட்டுக்குள்ளே போய்க் கழற்றிக்கிறேன்."

"அதெல்லாம் முடியாது. நனைஞ்சா என்ன? உடுப்பு மாத்துற அறையிலே துண்டு இருக்கு. துவட்டிட்டு, உடுப்பை மாத்திக்கிட்டுப் போ. ஷெட்டுக்குள்ளே இந்தக் கோட்டு வரக்கூடாது!"

இளைஞருக்குக் கோபம். முணுமுணுத்துக்கொண்டே கோட்டைக் கழற்றுகிறார்.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆனால் ஒரு கேள்வி. காவலாளி சொன்னது சரியா? அல்லது வீண் கெடுபிடியா?

சரிதான். நூற்றுக்கு நூறு சரி. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு மாதக் கோட்டு

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த மாவட்டம். பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான்.

இந்த வெயில்தான் இங்கே தொழிலைக் கொடுத்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வறண்ட காற்று வேண்டும். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இந்த வட்டாரத்தில் செய்தது.

ஆகவே, இங்கே உள்ளவர்களுக்கு மழைக்கோட்டு என்பது இரண்டு மாதப் பொருள். பத்து மாதம் பெட்டியில் கிடக்கும். இரண்டு மாதம் தோளில் ஏறும்.

அதனால்தான் அதை எப்படி அணிவது, எப்படிக் காப்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், கோட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். பிரித்தால் கிழியும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது சின்ன நஷ்டமா?

அது பண நஷ்டம். ஆலைக்குள் போனால் உயிர் நஷ்டமும் உண்டு. இரண்டையும் தவிர்க்கலாம். அதற்கு ரப்பரின் குணம் தெரிய வேண்டும்.

மரத்தின் பால்

ரப்பர் என்பது என்ன? ஒரு மரத்தின் பால்.

மரப்பட்டையைச் சரிவாகக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். அந்தப் பாலில் சிறிது அமிலம் கலந்தால் தயிர் போல உறையும். அதை உருளையில் கொடுத்து, தகடாக்கி, காயவைப்பார்கள்.

இந்த மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கிருந்த பழங்குடி மக்கள் துணிமேல் இந்தப் பாலைப் பூசி, மழைக்குப் போர்த்திக்கொண்டார்கள். உலகின் முதல் ரப்பர் கோட்டு அதுதான்!

1823ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் மக்கிண்டாஷ் என்ற ரசாயன அறிஞர் இருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த ஒருவகை எண்ணெயில் ரப்பரைக் கரைத்தார். அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி அழுத்தினார். தண்ணீர் புகாத துணி கிடைத்தது. அதற்கு உரிமையும் பதிவு செய்தார். இன்றும் ஆங்கிலேயர்கள் மழைக்கோட்டை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

வெயிலில் உருகியது! குளிரில் விறைத்தது!

ஆனால் அந்தக் கோட்டில் ஒரு பெரிய குறை இருந்தது. வெயில் வந்தால் பிசுபிசுத்தது. குளிர் வந்தால் பலகை போல விறைத்தது.

இந்தக் குறையை நீக்கப் பாடுபட்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர். ஏழ்மையிலும் கடனிலும் பல ஆண்டுகள் சோதனை செய்தார். 1839ஆம் ஆண்டில் வழி கிடைத்தது. ரப்பரோடு கந்தகம் கலந்து சூடாக்கினார். ரப்பர் பக்குவப்பட்டது. வெயிலில் உருகவில்லை, குளிரில் விறைக்கவில்லை.

கந்தகம்! சிவகாசிக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு மருந்திலும் கந்தகம்தானே இருக்கிறது? இங்கே தீயாக எரியும் பொருள், அங்கே ரப்பருக்குப் பலம் கொடுத்தது.

பாவம், குட்இயர்! 1860இல் கடனாளியாகவே இறந்தார்.

நம் நாட்டுக்கு வந்த கதை

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு வந்தன. பிறகு மலேயாவுக்கும் பரவின.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார்? மலேயாவிலே அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் நம் தமிழ் மக்கள். கப்பலேறிப் போய், விடியுமுன் எழுந்து, மரம் மரமாகக் கீறிப் பால் எடுத்தார்கள். உலகத்தை மழையில் நனையாமல் காத்த ரப்பரில் அவர்கள் வியர்வை கலந்திருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் ரப்பருக்குப் பெயர் பெற்றது கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. ரப்பர்த் தோட்டங்களும் நமக்கு வந்தன. 1984இல் அரசு ரப்பர்க் கழகமும் அமைந்தது.

கோட்டுக்கும் ஒரு தேசியக் கதை உண்டு. 1920இல் வங்காளத்தில் சுரேந்திர மோகன் போஸ் என்பவர் சுதேசி ரப்பர் கோட்டுத் தொழிலைத் தொடங்கினார். 'டக்பேக்' என்ற பெயரில் அந்தக் கோட்டுகள் நாடெங்கும் பரவின. சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்த அதே கல்கத்தாதான் அந்தக் கோட்டுக்கும் ஊர்!

பலூன் சொல்லும் பாடம்

இனி, காவலாளி ஏன் தடுத்தார் என்ற கேள்விக்கு வருவோம்.

உங்கள் வீட்டுக் குழந்தையிடம் ஒரு பலூன் கொடுங்கள். பலூனும் ரப்பர் பாலில் செய்ததுதான். ஊதிக் கட்டி, எண்ணெய் தேய்க்காத தலைமுடியில் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு சுவரில் வையுங்கள்.

பலூன் கீழே விழாது! சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

என்ன மந்திரம்? மந்திரம் இல்லை. மின்சாரம்!

இரண்டு பொருள்கள் உராய்ந்து பிரியும்போது மின்சாரம் பிறக்கும். இது கம்பியில் ஓடும் மின்சாரம் அல்ல. ஒரே இடத்தில் தங்கி நிற்கும் மின்சாரம். அதனால் இதை 'நிலை மின்சாரம்' என்பார்கள்.

நைலான் சட்டையை இருட்டில் கழற்றும்போது 'படபட' என்று சத்தம் கேட்டிருக்கிறீர்களா? சில சமயம் நீலப் பொறியும் தெரியும். அதுவும் இந்த மின்சாரம்தான்.

ரப்பர், நைலான், பிளாஸ்டிக் ஆகியவற்றில் இது எளிதில் தங்கும். காரணம், அவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பருத்தி அப்படி இல்லை. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது குடித்துக்கொள்ளும். ஆகவே மின்சாரம் அதில் தங்காமல் கசிந்து போய்விடும்.

வயர்மேன் கையுறை

இங்கே சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். "வயர்மேன் ரப்பர் கையுறை போடுகிறாரே? ரப்பர் மின்சாரத்திலிருந்து நம்மைக் காக்கும் என்றுதானே சொல்கிறார்கள்?"

நியாயமான சந்தேகம்!

வயர்மேனுக்கு வரும் மின்சாரம் வெளியே கம்பியில் இருக்கிறது. அது உடம்புக்குள் வரக்கூடாது. ரப்பர் அதைத் தடுக்கிறது. நல்லதுதான்.

பட்டாசுத் தொழிலாளிக்கு மின்சாரம் உடம்பிலேயே பிறக்கிறது. அது உடனே தரைக்குப் போய்விட வேண்டும். ரப்பர் அதையும் தடுக்கிறது. அங்கேதான் ஆபத்து!

தண்ணீரை உள்ளே விடாத அதே குணம், மின்சாரத்தை வெளியே விடுவதில்லை.

சாதாரண ரப்பர்ச் செருப்புக்கும் இதே கதைதான். உடம்பில் சேர்ந்த மின்சாரம் கால் வழியாகத் தரைக்குப் போகும். இடையில் ரப்பர் இருந்தால் போகாது. மருந்து அறைக்குள் சாதாரணச் செருப்பு கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஆலையிலே மருந்து கலக்கும் அறையில் ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறார்களே?" என்று கேட்பீர்கள். அங்கே போட வேண்டியது வேறு வகை. அதில் ஒருவகைக் கரித்தூள் கலந்திருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அந்த விரிப்பு மின்சாரத்தைத் தரைக்கு அனுப்பிவிடும். பார்வைக்கு இரண்டும் கறுப்புத்தான். கடையில் கிடைத்த ஏதோ ஒரு ரப்பரை வாங்கி விரித்தால் போதும் என்று நினைப்பது தவறு.

தெரியாத பொறி

இந்த மின்சாரம் எவ்வளவு இருக்கும்? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

நம் வீட்டு விளக்குக்கு வருவது 230 வோல்ட்டு. நிலை மின்சாரமோ பல ஆயிரம் வோல்ட்டு இருக்கலாம்! ஆனால் அளவு மிகவும் கொஞ்சம். கண் இமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் மனிதனைக் கொல்வதில்லை.

விரல் நுனியில் 'சுரீர்' என்று நமக்கு உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட்டு வேண்டும். அதற்குக் குறைந்தால் பொறி பறந்தாலும் நமக்குத் தெரியாது.

நமக்குத் தெரியாது. மருந்துக்குத் தெரியும்!

அலுமினியத் தூள் கலந்த நுண்ணிய மருந்துக்கு மிகச் சிறிய பொறி போதும். பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோமே, "உராய்வு ஏற்பட்டு விபத்து" என்று. ஒரு பொருள் இன்னொரு பொருளோடு உரசி வரும் சூடும் உராய்வுதான். ஆடை உரசிப் பிறக்கும் மின்சாரமும் உராய்வின் பிள்ளைதான்.

கழற்றும்போதுதான் பிறக்கிறது

இன்னொரு செய்தியை நன்றாக நினைவில் வையுங்கள்.

கோட்டு உடம்பில் கிடக்கும்போது மின்சாரம் அதிகம் தெரியாது. கழற்றும்போதுதான் கோட்டும் உள்சட்டையும் உரசிப் பிரிகின்றன. அந்த நொடியில் உடம்பில் மின்சாரம் ஏறுகிறது.

ஆகவே, "ஷெட்டுக்குள்ளே போய்க் கழற்றிக்கிறேன்" என்று அந்த இளைஞர் சொன்னாரே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம்! மருந்துக்குப் பக்கத்தில் நின்று மின்சாரத்தை உண்டாக்குவதற்குச் சமம்.

மழை நாளில் காற்று ஈரமாக இருக்கும். அப்போது நிலை மின்சாரம் குறைவு. உண்மைதான். ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. மேலும், மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் பனிக்கும் காற்றுக்கும் நைலான் கோட்டு போடுகிறார்கள். மாசியிலும் பங்குனியிலும் காற்று வறண்டு கிடக்கும். அப்போது இந்த மின்சாரம் மிக எளிதாகப் பிறக்கும். மழையில் ஏற்பட்ட பழக்கம் வெயிலிலும் நீடிக்க வேண்டும்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

கோட்டிலிருந்து சொட்டும் நீர் இன்னோர் ஆபத்து.

"தண்ணீர் தீயை அணைக்கும் பொருள் ஆயிற்றே!" என்று நினைக்கலாம். ஆனால் அலுமினியத் தூள் உள்ள மருந்துக் கலவையில் ஈரம் பட்டால், உள்ளுக்குள்ளே ரசாயன மாற்றம் நடக்கும். சூடு பிறக்கும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேறாது. ஏறிக்கொண்டே போகும். கடைசியில் யாரும் தொடாமலே தீப்பிடிக்கும்.

நனைந்த கோட்டு, நனைந்த தலை, நனைந்த சேலை முந்தானை எதுவும் மருந்துக்கு அருகே போகக்கூடாது. துவட்டி, உலர்ந்த பருத்தி ஆடை மாற்றிய பிறகே போக வேண்டும்.

இடி மழை வந்தால் ஒரே விதிதான். வேலையை நிறுத்திவிட்டு, மருந்து இருக்கும் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். "இன்னும் நாலு பெட்டிதான், முடித்துவிட்டுப் போகிறேன்" என்று உட்காரக் கூடாது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பெரும் வெடிவிபத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 40 பேர் அளவில் மாண்டார்கள். அந்த விபத்துக்கு ஆடை காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பொறி எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வாசலில் ஐந்து வேலைகள்

பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை:

1. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் கோட்டு எதுவானாலும் மருந்து அறைகளுக்கு வெகு தூரத்தில், வாசலிலேயே கழற்றுங்கள்.

2. தலையையும் கை கால்களையும் துவட்டுங்கள். உலர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். உள்ளாடையும் பருத்தியாக இருப்பது நல்லது. பெண்கள் நைலான், பாலியெஸ்டர் சேலைகளைத் தவிர்க்க வேண்டும்.

3. செருப்பை வெளியே விடுங்கள். ஆலையில் மின்சாரம் கடத்தும் காலணி கொடுத்தால் அதை அணியுங்கள்.

4. மருந்து அறை வாசலில் தரையோடு இணைத்த உலோகத் தகடு இருக்கும். வெறுங்கையால் அதைத் தொட்டுவிட்டு உள்ளே போங்கள். உடம்பில் உள்ள மின்சாரம் தரைக்குப் போய்விடும். தொட ஒரு நொடி போதும்.

5. வேலை செய்யும் இடத்தில் சட்டை மாற்றாதீர்கள். தலை வாராதீர்கள்.

ஆலை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோட்டு மாட்ட ஒரு கொட்டகையும், துவட்ட ஒரு துண்டும், மாற்றிக்கொள்ளப் பருத்தி உடுப்பும் கொடுத்தால்தான் தொழிலாளி இதையெல்லாம் செய்ய முடியும். இடம் கொடுக்காமல் விதி மட்டும் சொன்னால் பயன் இல்லை. மழைக்காலம் தொடங்குமுன் இந்த ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.

கோட்டைக் கெடுப்பவர் யார்?

இனி வீட்டுக்கு வருவோம். ரப்பர் கோட்டை எப்படிக் காப்பது?

ரப்பருக்கு நான்கு விரோதிகள் உண்டு. வெயில், சூடு, எண்ணெய், செம்பு.

வெயில்: நனைந்த கோட்டை வெயிலில் போட்டு மொறுமொறு என்று காயவைப்பது நம் வழக்கம். கூடாது! வெயில் பட்டுப் பட்டு ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் விழும். நிழலில், காற்றாட உலர்த்துங்கள்.

சூடு: அடுப்படியில் மாட்டாதீர்கள். இஸ்திரிப் பெட்டி அதைத் தொடவே கூடாது. மொபெட்டின் சூடான புகைக்குழாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்: கோட்டில் முதலில் பிசுபிசுப்பது எந்த இடம்? காலர்! ஏன் தெரியுமா? தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் கழுத்தில் வழிந்து ரப்பரில் ஊறுகிறது. ரப்பர் உப்பி, இளகிவிடும். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கோட்டு போடுங்கள். கோட்டு பல ஆண்டு உழைக்கும்.

கறை போக்க மண்ணெண்ணெயும் பெட்ரோலும் போடவே கூடாது. மக்கிண்டாஷ் ஓர் எண்ணெயில் ரப்பரைக் கரைத்தார் அல்லவா? மண்ணெண்ணெய் அதன் ஒன்றுவிட்ட தம்பி!

செம்பு: இது பலருக்குத் தெரியாது. செம்பும் பித்தளையும் பட்டால் ரப்பரில் கறை விழும். நாளடைவில் அந்த இடம் இற்றுப்போகும். பட்டாசு ஆலையில் பித்தளைக் கருவி நல்லது. இரும்பைப் போலப் பொறி விடாது. ஆனால் ரப்பர் கோட்டுக்குப் பித்தளை ஆகாது. பித்தளைக் குடம், செம்புத் தவலை இருக்கும் பெட்டியில் கோட்டை வைக்காதீர்கள்.

கழுவி, உலர்த்தி, சுருட்டி

மழை நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சுத்தமான தண்ணீரில் கோட்டைக் கழுவுங்கள். சேறு இருந்தால் சாதாரணக் குளியல் சோப்பை நீரில் கரைத்து, மென்மையான துணியால் துடையுங்கள். பிரஷ் வேண்டாம். கல்லில் அடிக்க வேண்டாம். முறுக்கிப் பிழிய வேண்டாம்.

ஆணியில் மாட்டினால் அந்த இடம் இழுபட்டுக் கிழியும். பருமனான மூங்கில் கழியில் போடுங்கள். வெளிப்புறம் உலர்ந்ததும் உள்புறத்தைத் திருப்பிப் போடுங்கள். உள்ளே வியர்வை இருக்கும். அது காயாவிட்டால் நாற்றமும் பூஞ்சையும் வரும்.

மழைக்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகு, உள்ளும் புறமும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். அப்போது ஒன்றோடு ஒன்று ஒட்டாது. மடிக்காதீர்கள். மடிப்பு விழுந்த இடம்தான் முதலில் வெடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். மேலே பாரம் ஏற்றாதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறி, காற்றாட விட்டு வையுங்கள்.

கிழிந்தால்?

சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவருக்கு ரப்பர் கோட்டும் ஒட்டத் தெரியும்!

கிழிந்த இடத்தைக் கழுவி உலர்த்துங்கள். உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ரப்பர்த் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்து பெயரும். இரண்டிலும் பஞ்சர் ஒட்டும் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள். சில நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் வைத்து அழுத்துங்கள்.

அந்தப் பசை எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புக்கு அருகே இந்த வேலை வேண்டாம். ஆலைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

இப்போது கடைகளில் கிடைக்கும் கோட்டுகளில் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. அல்லது நைலான் துணியில் பூச்சு பூசியவை. அவற்றுக்கும் வெயில், சூடு, எண்ணெய் ஆகாது. பஞ்சர்ப் பசை மட்டும் எல்லாவற்றிலும் பிடிக்காது. வாங்கும்போதே கடைக்காரரிடம் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலருக்கு ரப்பர் பட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். பலூன் ஊதினாலே உதடு தடிக்கும். அப்படிப்பட்டவர்கள் ரப்பர் கோட்டைத் தவிர்த்து, மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

தீபாவளி மழை

தீபாவளியும் ஐப்பசியில்தான் வருகிறது. மழையும் ஐப்பசியில்தான் வருகிறது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மத்தாப்புக் கொளுத்த ஓடுவார்கள்.

தாய்மார்களே, விடாதீர்கள்!

பிளாஸ்டிக், நைலான் கோட்டில் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பரும் எரிந்து பிசுபிசுக்கும், கரும்புகை விடும். காயம் ஆழமாகும். மழை விடும் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு பருத்தி உடுப்போடு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு கொளுத்தட்டும்.

தீக்காயம் பட்டுவிட்டால் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். மை, பற்பசை, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டில் காத்திருப்பவர்கள்

மறுபடியும் அந்த ஆலை வாசலுக்குப் போவோம்.

இளைஞர் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். தலையைத் துவட்டினார். பருத்தி உடுப்பு மாற்றினார். தகட்டைத் தொட்டார். வேலைக்குப் போனார். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

மாலையில் அந்தக் கோட்டு அதே கொடியில் தொங்கும். அவர் எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். வாசலில் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.

நாளைக் காலையும் மழை பெய்யலாம். காவலாளி மறுபடியும், "தம்பி, கோட்டு!" என்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். கழற்றிவிட்டுப் போங்கள்.